சில நாள் மட்டும்

எப்போதும் இல்லை.
அதுதான் வில்லங்கம்.
எப்போதும் என்றால் ஒரே காலையில் பிடித்திருப்போம்.

சின் மிங் பட்டறையில் பானெட்டைத் தூக்கி வைத்தால்
டாட்சன் அப்படியொரு நல்ல பிள்ளை.
அல்போன்ஸ் தலையைச் சாய்த்துக் கேட்பான்.
"நல்லாத்தானே ஓடுது லா, அக்கா."
பிறகு தீவு விரைவுச்சாலையில் ஏறும் சரிவில்,
பின்னால் சிமெண்ட் லாரி நெருங்கும்போது,
மூன்றாம் கியருக்கு மாற்றி
மிதியைக் கொஞ்சம், கொஞ்சமே அழுத்தினால்
ஒரு விக்கல்.
கண்ணாடியில் லாரியின் முகம் பெரிதாகும்.
அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல
வண்டி தன் பாட்டுக்குப் போகும்.

ஆண்டுக்கு நாற்பத்தைந்து நாள்தான்
இந்தப் பழைய வண்டிக்குச் சாலை.
விக்கலை எதிர்பார்த்தே பதினொரு நாள் தொலைத்தேன்.
அதில் நான்கு நாள் அது வரவே இல்லை.

எனக்கு வேலை நீதிமன்றத்தில், மொழிபெயர்ப்பு.
"அன்னிக்கு ராத்திரி நான் வந்து..." என்று
சாட்சி நிறுத்தினால்
நானும் அங்கேயே நிறுத்த வேண்டும்.
அவருக்கு வாய் வராத சொல்லை
நான் எடுத்துக் கொடுத்தால் வேலை போய்விடும்.
அந்தப் பழக்கத்தில் ஒரு நோட்டுப் போட்டேன்.
தேதி, மழை, டாங்கில் எத்தனை கோடு,
எந்த மேடு, எந்த கியர், கால் எவ்வளவு.

யோசனைக்குப் பஞ்சமே இல்லை.
ஜெட்டில் அடைப்பு என்று
கார்புரேட்டரைக் கழற்றி ஊதினான் அல்போன்ஸ்.
டாங்கில் துரு என்றார் அடுத்த பட்டறை ஆ ஹோக்;
பில்டர் மாற்றினோம்.
மிதவையை அரை மில்லி இறக்கினோம்.
மிதித்ததும் பெட்ரோல் பீச்சுகிறதா என்று
தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தோம்.
பீச்சியது. குறையே இல்லாமல் பீச்சியது.
வித்துத் தொலை என்றான் என் தம்பி.
அவனுக்கும் கார்புரேட்டர் மேல்தான் சந்தேகம்.

ஒரு சனிக்கிழமை, வெளியே மழை கொட்ட,
நோட்டை வரி வரியாக வாசித்தேன்
நீதிபதி முன் வாசிப்பது போல, ஏற்ற இறக்கம் இல்லாமல்.
சும்மா நிற்கையில் இல்லை.
முழு மிதியில் இல்லை.
பாதி மிதியில், ஏழு முறை.

அல்போன்ஸ் ஸ்பானரைக் கீழே வைத்தான்.
"பாதியா?"
பாதி.
"எல்லாம் பாதியா?"

கார்புரேட்டர் பக்கமே போகவில்லை அவன்.
டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினான்.
வாக்குவம் குழாயின் நுனியை உருவி
வாயில் வைத்து உறிஞ்சினான்,
இளநீர் குடிப்பவன் போல.
உள்ளே தட்டு அரை விரற்கடை திரும்பியது.
மீட்டரின் முள் செத்து விழுந்தது.
விட்டான்; முள் எழுந்தது.
உறிஞ்சினான்; விழுந்தது.
நானும் ஒருமுறை உறிஞ்சிப் பார்த்தேன்.
ரப்பரும் பழைய எண்ணெயுமாக நாக்கு கசந்தது.
விழுந்தது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஒரு சாண்கூட இல்லாத கறுப்பு ஒயர்.
உறையில் ஒரு கீறல் கிடையாது.
இழுத்தால் மட்டும் ரப்பராக நீண்டது.
உள்ளே செம்பு இழைகள் அறுந்து
கடைசி ஒன்றிரண்டு
தட்டு திரும்பும்போது விட்டு, திரும்பியதும் தொட்டு.
இத்தனை நாளும் அந்தத் தொடுதலில்தான்
நான் லாரிகளுக்கு முன்னால் போயிருக்கிறேன்.

புது ஒயர், சாலிடர்: பன்னிரண்டு வெள்ளி.
இரண்டு கோப்பி ஓ என் கணக்கு.

அன்று மாலை அதே சரிவு.
பாதி மிதி. வரவில்லை.
நோட்டில் "இல்லை" என்று எழுதினேன்,
"சரியாகிவிட்டது" என்று எழுதவில்லை.
சில நாள் மட்டும் வருகிற ஒன்றை
ஒரு நாள் வராததை வைத்து எப்படி விடுவிப்பது?

இந்த ஆண்டில் மிச்சம் பத்தொன்பது நாள்.
பழைய ஒயரைப் பிளாஸ்டிக் பையில் போட்டு
தேதியிட்டு
டாஷ்போர்டுப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.
அல்போன்ஸ் சிரிக்கிறான்.
சிரிக்கட்டும்.